ஒன்பது போர்வைகளும் ஒரு பூட்டும்

இதை எழுதத் துணிந்ததற்காக முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன். இந்நிகழ்ச்சியை எழுதத் தகுதியுள்ளவர்கள் என் குடும்பத்திலேயே இருவர் உண்டு. ஒருவர் என் அத்தான். இது அவருக்கு நேர்ந்தது. ஆனால் அவரைக் கேட்டால், "அதையெல்லாம் எதுக்கு மாப்ள கிளறிக்கிட்டு?" என்று அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். மற்றொருவர் என் அக்கா, இதை முடித்துவைத்தவர். அவருக்குச் சொல்ல மிகுந்த விருப்பம்தான். ஆனால் அவர் தொடங்கினால், காணாமற்போன போர்வைகளைத் தாண்டிக் கதை நகர்வதில்லை. ஆகவே விண்ணப்பங்களைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழகாத என்னிடம் இப்பொறுப்பு வந்து சேர்ந்தது. நடையில் குறையிருந்தால் அது என்னுடையது. எங்கேனும் சிரிப்பு வந்தால் அது அவர்களுடையது.

எங்கள் ஊரின் ஓரத்தில் ஓர் அனல்மின் நிலையம் இருந்தது. நிலக்கரியை எரித்து, நீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியால் மின்சாரம் எடுக்கும் இடம். எங்கள் சமையலறை ஜன்னலில் பாத்திரத் தொட்டிக்கு நேராக அதன் புகைபோக்கி தெரியும். காற்றையும் வெப்பத்தையும் கருதி நிலக்கரியைக் கைவிடுவதென அரசு முடிவெடுத்தபோது, மூடப்பட்ட நிலையங்களுள் அதுவும் ஒன்று. முடிவு சரியானதே. அத்தான்கூட மறுத்ததில்லை. "நாங்க விட்ட புகைக்கு மேகமே இருமிக்கிட்டுதான் போச்சு மாப்ள" என்பார். அக்காவுக்கோ அளவற்ற மகிழ்ச்சி. திருமணமாகி வந்த நாள் முதல், கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணி வெள்ளையாகத் திரும்பி வந்ததை அவர் கண்டதில்லை.

அத்தான் அங்கே கொதிகலன் இயக்குபவர். நிலையம் மூடியபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அந்த வயதில் கொதிகலன்காரரை வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்? அரசு ஒரு வழி செய்தது. விருப்பமுள்ள தொழிலாளர்களுக்குக் கூரைகளில் சூரியத் தகடு பொருத்தும் பயிற்சி தரப்படும். பிறகு ஒரு நிறுவனம் அவர்களைச் சில மாதங்கள் வேலைக்கு வைத்துப் பார்த்து, பிடித்தவர்களுக்கு நிரந்தரப் பணி ஆணை வழங்கும். பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள்.

இத்திட்டத்தில் எனக்கும் ஒரு வேலை கிடைத்ததை நன்றியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். முதுகலைப் பட்டம் பெற்று, அக்கா வீட்டு நாற்காலி ஒன்றை நெடுங்காலமாக நிரப்பி வந்த நான், வீட்டுக்காரர்களிடம் பணிவாகப் பேசுவது எப்படி என்று அப்பன்னிரண்டு பேருக்கும் கற்பிக்க நியமிக்கப்பட்டேன். பணிவைத் தவிர என்னிடம் வேறு சரக்கு இல்லை என்பது அக்காவின் கருத்து. வீட்டில் நான் அத்தானின் சோற்றை உண்பவன். வகுப்பில் அவர் என் மாணவர். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்வதில்லை என்று, பேசாமலே முடிவு செய்துகொண்டோம்.

கொதிகலனுக்குப் பக்கத்தில் வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு ஒரே குரல்தான் உண்டு. நிலையத்தின் பழைய உணவுக்கூடத்தில் நடந்த முதல் வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட வாக்கியம் இது: 'வணக்கம் அம்மா, உங்கள் கூரையைப் பார்க்க வந்திருக்கிறோம்.' அத்தான் எழுந்து நின்று அதைச் சொன்னார். கூரையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் மொத்தமாகப் பறந்துபோயின.

"கொஞ்சம் மெதுவா, அத்தான்" என்றேன்.

"மெதுவாத்தானே சொன்னேன்!"

பின்வரிசையில் இருந்த வெல்டர், ஆலைச் சங்கை ஒத்த குரலுக்காகச் 'சங்கு' என்றே அழைக்கப்பட்டவர், காதில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: "என்ன சொல்றான் வாத்தியாரே? இவன் வாய்க்குள்ளயே முணுமுணுத்தா வீட்டுக்காரங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

முதன்முதலாக அவர்கள் வேலைக்குப் போன வீட்டில், கதவைத் திறந்த அம்மையார் அந்த வணக்கத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தித் தாழிட்டு, கணவரை அலுவலகத்திலிருந்து வரவழைத்தார். முதல் புகார் அது. அதில் பெரும்பங்கு என் கற்பித்தலைச் சேரும்.

இனிப் பூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அந்த நிலையத்தில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் சொந்தமாக ஒரு சிவப்புப் பூட்டு உண்டு. ஓர் இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கைவைக்கும் முன், அதன் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஒருவர் குனிந்திருக்கையில் வெளியே வேறொருவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. பூட்டுக்கு ஒரே சாவி. மாட்டியவர்தான் கழற்ற வேண்டும். மேலாளரே ஆனாலும் பிறர் பூட்டைத் தொடக் கூடாது.

அத்தான் இதில் யாவரையும் விஞ்சியவர். சாவியை ஒரு கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார், குளிக்கும்போதும் கழற்றமாட்டார். அவருடைய திருமணத்தன்று, பந்தி நடந்துகொண்டிருக்கையில், நிலையத்திலிருந்து ஜீப் வந்தது. முந்தைய நாள் வேலை முடிந்து கிளம்பும்போது ஒரு விசிறியில் மாட்டிய பூட்டை மறந்து வந்துவிட்டாராம். அந்த விசிறி ஓடாமல் கொதிகலன் ஓடாதாம். மாப்பிள்ளை புத்தாடையோடு ஜீப்பில் ஏறிப் போய்ப் பூட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார். படம் எடுத்தது அதற்குப் பிறகுதான். "எம் பக்கத்துல நிக்கறது மாப்பிள்ளையா கரி மூட்டையான்னு இன்னிக்கும் படத்தப் பாத்துக் கேக்கறாங்க" என்று அக்கா சொல்லாத ஆண்டில்லை.

ஒரேயொரு சூழ்நிலையில் மட்டும் பிறர் பூட்டை வெட்டலாம். உரியவர் உயிரோடு இல்லாதபோது. அதுவும் அவர் குடும்பத்தில் ஒருவர் வந்து நின்று சொன்ன பிறகு. அப்படி ஒருமுறை நடந்திருக்கிறது. கிரேன் ஓட்டுநர் ஒருவர், பூட்டை மாட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவர், திரும்பவில்லை. அவர் மனைவி வந்து நின்றார். எல்லாரும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். சங்குதான் வெட்டினாராம். அதன்பின் அவர்களிடையே 'பூட்டை வெட்டிட்டாங்க' என்று சொன்னால் ஒருவர் காலமாகிவிட்டார் என்றே பொருள்.

இப்படி வளர்ந்தவர்களைக் கூரைமேல் ஏற்றினார்கள். நிறுவனத்தின் மேற்பார்வையாளர் ஓர் இளம் பொறியாளர், பொறுமையான பெண். முதல் நாள் அவர், வெயில் பட்டுக்கொண்டிருக்கும்வரை தகட்டில் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும், கீழே சுவிட்சை அணைத்தாலும் தகட்டுக்கும் சுவிட்சுக்கும் நடுவிலுள்ள கம்பியில் ஓட்டம் இருக்கும், ஆகவே காப்பிடப்பட்ட கையுறை அணிந்து வேலை செய்ய வேண்டும் என்று விளக்கினார். அத்தான் கையை உயர்த்தினார்.

"அப்ப பூட்டு எங்க மாட்டறது மேடம்?"

"சுவிட்சுல மாட்டலாம் சார்."

"அது கீழ. மேல வர்றதுக்கு?"

"மேல வர்றது சூரியன்லேருந்து சார்."

"அதான் கேக்கறேன். அதுக்கு எங்க பூட்டறது?"

அவர் சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து, தடித்த போர்வை ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுநாள் முதல் கூரைமேல் தகட்டைப் போர்வையால் மூடி, நான்கு மூலையையும் கயிற்றால் கட்டி, கீழே சுவிட்சில் பூட்டையும் மாட்டி, அதன் பிறகே வேலையைத் தொடங்கினார். கையுறை போதும் என்று மேற்பார்வையாளர் எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. மற்ற குழுக்கள் ஒரு வீட்டை முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கையில், அத்தானும் சங்கும் இன்னும் போர்வை கட்டிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது புகார், தாமதம் பற்றியது. மூன்றாவது புகார், ஒரு வீட்டாருடையது: "எங்கள் மாடியில் யாரோ படுக்கை விரித்துத் தூங்குவதாக அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள்."

நான்காவது புகார் எங்கள் வீட்டிலேயே எழுந்தது.

"ஏங்க, அலமாரியில ஒரு போர்வைகூட இல்லையே. ராத்திரி என்னத்தப் போத்திக்கறது?"

"ஒரு வாரம் பொறுத்துக்க."

"பெரியம்மா குடுத்த ஊதாப் போர்வை எங்க?"

"ஆணி இழுத்துச் சின்னதாக் கிழிஞ்சுடுச்சு."

"சின்னதான்னா?"

அத்தான் இரு கைகளையும் விரித்துக் காட்டினார். அக்கா என்னைப் பார்த்தார். "இந்த ஆளுக்குத்தான் நீ பாடம் எடுக்கறியா?" நான் பணிவாகத் தலைகுனிந்துகொண்டேன்.

மேற்பார்வையாளர் ஒருநாள் என்னைத் தனியே அழைத்தார். "சார், உங்க அத்தான் வேலை சுத்தமாத்தான் இருக்கு. ஆனா மூணு புகார் ஆயிடுச்சு. நகரமன்றக் கட்டடம்தான் கடைசி வேலை. அதுல ஏதாவது கோளாறு வந்தா அவர் பேரை என்னால காப்பாத்த முடியாது. தயவுசெஞ்சு சொல்லி வைங்க." சொல்லி வைத்தேன். அத்தான் ஜன்னல் வழியே புகைபோக்கியைப் பார்த்தார். "வேற எங்க மாப்ள போறது?" என்றார். அதையும் உரக்கத்தான் சொன்னார். எங்கள் தெருவில் அனைவருக்கும் அன்று நிலைமை தெரிந்துபோயிற்று.

அவ்வேலையின் முடிவில் நடக்கவிருந்த நகரமன்ற விழாவைத் திட்டமிட்டவர்கள் பெரிய மனம் படைத்தவர்கள். தலைநகரிலிருந்து உயர் அதிகாரி வருவார். பத்து மணிக்கு நிலையத்தின் பழைய ஆலைச் சங்கு கடைசி முறையாக ஒலிக்கும். ஊரின் ஓரத்தில் வெடிவைத்துப் புகைபோக்கி வீழ்த்தப்படும். அது விழுந்ததும் மேடையில் அதிகாரி பொத்தானை அழுத்துவார். நகரமன்றக் கூரையின் சூரிய மின்சாரத்தில் முன்புறத் தோட்டத்து நீரூற்று பொங்கி எழும். பழையது வீழ்ந்து புதியது எழுவதை மக்கள் ஒரே பார்வையில் காண வேண்டும் என்பது எண்ணம். இரண்டுக்கும் இடையே காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. முடிவில் மேடையிலேயே நிரந்தர ஆணைகள் வழங்கப்படும்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. தொழிலாளர் குடும்பங்கள் தங்கள் பழைய கரிபடிந்த உடைகளைக் கொடுத்தால், அவை புகைபோக்கியின் அடியில் வைக்கப்பட்டு அதனுடனேயே புதைந்துபோகும். "இத்தன வருசத்துல அரசாங்கத்துக்கு வந்த ஒரே நல்ல யோசனை" என்றார் அக்கா. ஒரு மூட்டை கட்டினார்.

விழா நாள் காலையில் அத்தான் கடைசியாக ஒருமுறை சரிபார்க்கக் கூரைக்குப் போனார். ஒரு கம்பி இணைப்பு தளர்ந்திருந்தது. தகடுகள் எல்லாவற்றையும் எங்கள் வீட்டுப் போர்வைகளாலும், சங்கின் வீட்டுப் போர்வைகளாலும் மூடினார். கூரையில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டை மாட்டினார். இணைப்பை முறுக்கினார். விழாவுக்குச் சற்று முன் வந்து எல்லாவற்றையும் கழற்றிக்கொள்ளலாம் என்று உடைமாற்றக் கீழே இறங்கினார். மாடிப்படியின் அடியில் புதுச் சட்டையோடு அக்கா நின்றிருந்தார்.

"கைய நீட்டுங்க. இந்தப் பக்கம். ஐயையோ, கழுத்துல என்ன இந்த அழுக்குக் கயிறு? காலர் பூரா கறுப்பாயிடும்."

"இருக்கட்டும்டி."

"படம் எடுப்பாங்கன்னு சொன்னீங்களே. ஒரு படத்துல கரி மூட்டையா நின்னது போதாதா?"

அந்தப் பழைய வழக்கை மீண்டும் நடத்த அத்தானுக்குத் தெம்பில்லை. கழுத்தைக் குனிந்துகொடுத்தார். அக்கா கயிற்றைக் கழற்றி, அவர் கழற்றிய வேலைச் சட்டையின் பையில் பத்திரமாக வைத்தார். சட்டையைப் பத்திரமாக மடித்தார். மடித்த சட்டையை மூட்டையில் பத்திரமாக வைத்தார். மூட்டையைத் துணி சேகரிக்கும் லாரிக்காரரிடம் கொடுத்தார்.

சற்று நேரம் கழித்து, நானும் மேற்பார்வையாளரும் கூரையில் நிற்கையில், அத்தான் புதுச் சட்டையில் ஏறி வந்தார். சங்கும் மற்ற தோழர்கள் சிலரும் உடன் வந்தார்கள். அத்தான் சுவிட்சின் முன்னால் நின்று கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றுவிட்டது. சட்டைப்பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். பிறகு என் சட்டைப்பையையும் தடவினார்.

"சார், சாவி எங்க?" என்றார் மேற்பார்வையாளர்.

"லாரியில மேடம்."

"லாரி எங்க?"

அத்தான் புகைபோக்கியைச் சுட்டிக்காட்டினார்.

மேற்பார்வையாளர் அங்கே பொறுப்பில் இருந்தவரைத் தொலைபேசியில் அழைத்தார். வெடி வைத்தாயிற்று, சுற்றிலும் தடுப்புக் கயிறு கட்டியாயிற்று, உயர் அதிகாரியின் தகப்பனாரே வந்தாலும் உள்ளே விட முடியாது என்று விடை வந்தது. தொலைபேசியை அணைத்துவிட்டு அவர் சொன்னார்: "பரவாயில்ல. கட்டர் இருக்குல்ல? வெட்டிடலாம்."

அவர் இயல்பாகத்தான் சொன்னார். ஆனால் அங்கிருந்த தொழிலாளர்கள் ஒருவர்கூடக் கட்டரை எடுக்கப் போகவில்லை. சங்கு மெல்ல நகர்ந்து, கருவிப்பெட்டியின் மூடியைச் சாத்தி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"எழுந்திரிங்க சார்."

"மேடம், வேற என்ன வேலை வேணா சொல்லுங்க. தலைகீழா நின்னு செய்யறேன். இது ஆகாது."

"ஒரு பூட்டுதானே சார்!"

"உயிரோட நிக்கறான் மேடம். எதிரிலயே நிக்கறான். புதுச் சட்டை வேற போட்டிருக்கான். அவன் பூட்ட எப்படி வெட்டறது?"

மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். பணிவாகப் பேசும் முறை பற்றிய என் பாடத்தில் இத்தகைய சூழலுக்கு வாக்கியம் ஏதும் இல்லை. அவர் அத்தானிடம் திரும்பினார். கண் கலங்கிவிட்டது அந்தப் பெண்ணுக்கு. "சார், நீங்களே சொல்லுங்க. கீழ உங்க ஆணை மேஜைமேல இருக்கு. நான்தான் வச்சேன். நீரூத்து வரலைன்னா அதை நான்தான் எடுத்து உள்ள வைக்கணும்."

அத்தான் பூட்டைப் பார்த்தார். சிவப்புச் சாயம் உதிர்ந்து, ஓரங்களில் இரும்பு தெரிந்தது. "எனக்குத் தெரியுது மேடம்" என்றார். "ஆனா கை வரமாட்டேங்குது. நான் எப்படி மேடம் என் வாயால சொல்றது?"

இதை அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதாக எண்ணியிருக்க வேண்டும். மேடையில் அதிகாரி உரையை நிறுத்தி மேலே அண்ணாந்து பார்த்தார். அக்காவும் பார்த்தார். பார்த்தவர், நாற்காலியில் கைப்பையைப் போட்டு இடம் பிடித்து வைத்துவிட்டு, படியேறி மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"என்னங்க இங்க? ஊரே அண்ணாந்து பாக்குது."

சொன்னோம். எல்லாரும் ஒரே சமயத்தில், அவரவர் குரலில் சொன்னோம். அக்கா கேட்டுக்கொண்டார். சட்டையை மடித்த தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். திட்டுவார் என்று அனைவரும் காத்திருந்தோம், திட்டவில்லை.

"கிரேன்காரர் செத்தப்ப அவர் பூட்ட யார் சொல்லி வெட்டினீங்க?"

"அவர் வீட்டம்மா வந்து சொன்னாங்க" என்றார் சங்கு.

"நான் யாரு?"

சங்குக்குப் புரியவில்லை. "நீங்க தங்கச்சி..."

"இவருக்கு யாரு?"

"வீட்டம்மா."

"அப்ப நான் சொல்றேன். நல்லாக் கேட்டுக்குங்க. நான் கட்டிக்கிட்டு வந்த பாய்லர் ஆளு போயிட்டாரு. நல்ல மனுசன். கல்யாணத்தன்னிக்கே என்னைய விட்டுட்டு விசிறியப் பாக்கப் போனவரு. ஒரு நாளும் சுத்தமா வீட்டுக்கு வந்ததில்ல. ஆனா ஒரு நாளும் வராம இருந்ததில்ல." இவ்விடத்தில் அக்காவின் குரல் சற்றே இடறியது. உடனே சமாளித்துக்கொண்டு அத்தானைக் கையால் காட்டினார். "இந்தா நிக்கறாரே, இவர் யாருன்னு எனக்கு இன்னும் சரியாத் தெரியல. கரி இல்லாம இருக்கறதால அடையாளம் பிடிபடல. இனிமேதான் பழகணும். நீங்க வெட்டுங்கண்ணே."

சங்கு பெட்டியிலிருந்து எழுந்தார். நீள்பிடி போட்ட கட்டரை எடுத்தார். தோழர்கள் தலைக்கவசங்களைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள். மேற்பார்வையாளரும் ஒன்றும் புரியாமலே தம் கவசத்தைக் கழற்றினார். கீழே மேடையில் இதைக் கண்ட அதிகாரி, தமக்குச் செய்யும் மரியாதை என்றெண்ணிக் கையசைத்தார்.

சங்கு அத்தானின் முகத்தைப் பார்த்தார். அத்தான் ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

"என்ன?" என்றார் சங்கு, காதில் கைவைத்து.

"வெட்டு" என்றார் அத்தான் மறுபடியும்.

அத்தனை மாதம் நான் கற்பித்த மெல்லிய குரல் அதுதான். என் மாணவர்களில் ஒருவர் அதை அடைந்தது அந்த ஒரு முறைதான். எனக்கு அதில் பெருமை தோன்றவில்லை.

பூட்டு விழுந்த ஓசையும் ஊர் எல்லையில் ஆலைச் சங்கு ஒலித்ததும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தன. அத்தான் சுவிட்சை மேலே தள்ளினார். அனைவரும் கைப்பிடிச் சுவரை நோக்கி ஓடினோம். புகைபோக்கி முதலில் நின்ற இடத்திலேயே சிறிது குனிந்தது, எதையோ கீழே தவறவிட்டுத் தேடுவதுபோல. பிறகு மொத்தமாகப் போயிற்று. அது இருந்த இடத்தில் வானம் அகலமாகத் தெரிந்தது. யாரும் கைதட்டவில்லை.

அடுத்து வந்தது தூசி. சாம்பல்நிற மேகம் ஒன்று தெருக்களைத் தாண்டி, கடைகளைத் தாண்டி, நேராக நகரமன்றத்தை நோக்கி வந்தது. அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "போறப்பவும் என் துணிமேலதான் வருது பாரு" என்றார். சற்று நேரம் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்தபோது அனைவரும் ஒரே நிறத்தில் இருந்தோம்.

கீழே அதிகாரி பொத்தானை அழுத்தினார். நீரூற்றில் ஒன்றும் நிகழவில்லை. மீண்டும் அழுத்தினார்.

"பேனல்!" என்று மேற்பார்வையாளர் அலறினார். "பேனல் பூரா தூசி! முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது!" அத்தானிடம் பாடம் படித்தவர் குரல்போல் இருந்தது அது. அவர் தகடுகளை நோக்கி ஓடினார். ஓடியவர் பாதியில் நின்றார்.

தகடுகளின்மேல் எங்கள் வீட்டுப் போர்வைகள் இருந்தன. காலையில் கட்டியவை. பூட்டு அமளியில் அவற்றைக் கழற்ற வேண்டும் என்பதே அத்தான் உட்பட ஒருவருக்கும் நினைவில்லை. அவற்றின்மேல் விரல் பருமனுக்குச் சாம்பல் படிந்திருந்தது. தகடுகள் அடியில் பத்திரமாக இருந்தன.

"இழு!" என்று சங்கு கத்தினார்.

முதல் போர்வையை நால்வர் நான்கு மூலையைப் பிடித்துச் சாம்பலோடு சுருட்டி எடுத்தார்கள். நீரூற்றின் வாயில் ஒரு குமிழி எட்டிப் பார்த்தது. அடுத்த போர்வை போனதும், குழந்தை துப்புமளவுக்குத் தண்ணீர் வந்தது. இயந்திரம் பழுது போலும் என்றெண்ணிய அதிகாரி மேடையிலிருந்து இறங்கி வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நீரூற்றின் வாயைக் குனிந்து பார்த்தார். கூரையில் இருந்த எங்களுக்கு அது தெரியாது. நாங்கள் போர்வைகளில் மும்முரமாக இருந்தோம். ஊதாப் போர்வையும் அதற்கடுத்ததும் ஒன்றாக உருவப்பட்டபோது கீழே பெருத்த ஆரவாரம் எழுந்தது. எட்டிப் பார்த்தோம். நீரூற்று முழு உயரத்துக்கு எழுந்திருந்தது. அதன் பாதையில் அதிகாரி இருந்தார். முகத்தில் ஒரு பாதி சாம்பலாகவும் மறுபாதி கழுவப்பட்டும் நின்ற அவர், ஒலிபெருக்கியை வாங்கி, "இதுதான் நான் சொல்ல வந்தது" என்றார். மக்கள் அன்று கைதட்டியது அதற்குத்தான்.

அத்தானுக்கு ஆணை கிடைத்தது. ஈரக்கையால் கொடுக்கப்பட்டதால் கையொப்பம் கொஞ்சம் கரைந்திருக்கிறது. படமும் எடுத்தார்கள். அதில் அத்தான், அக்கா, அதிகாரி, மேற்பார்வையாளர் ஆகிய நால்வரும் கரி மூட்டைகளாகவே நிற்கிறார்கள். "இப்பக் கேக்கட்டும் பாப்போம், இதுல யாரு மூட்டைன்னு" என்று அக்கா அதைக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். நிறுவனம் அத்தானுக்குப் புதுப் பூட்டு ஒன்று தந்தது. அதற்கு இரண்டு சாவிகள். இரண்டாவது அலுவலகத்தில் இருக்கும். அவர் அதை வாங்கிக்கொண்டு, மரியாதையாக நன்றி சொல்லி, வேலைக்குப் போகிறார். கூரைமேல் ஏறும்போது இப்போதும் கை ஒருமுறை கழுத்துக்குப் போகிறது என்று மேற்பார்வையாளர் சொன்னார்.

இழந்தவை பின்வருமாறு. புகைபோக்கி ஒன்று. சிவப்புப் பூட்டு ஒன்று, அதன் ஒரே சாவி, அது கோத்திருந்த கயிறு. எங்கள் வீட்டுப் போர்வைகள் ஒன்பது. அவற்றுள் ஊதாப் போர்வையைப் பெரியம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். சங்கின் வீட்டுப் போர்வைகள் எத்தனை என்று அவர் சொல்ல மறுத்துவிட்டார். ஒரு மூட்டை துணி. பன்னிரண்டு பேரில் ஆணை கிடைக்காத ஏழு பேரின் வேலை. அவர்களுள் சங்கு ஒருவர். காது கேட்கும் சோதனையில் அவர் தேறவில்லை. இப்போது நிலையம் இருந்த வெற்று நிலத்துக்குக் காவல் இருக்கிறார். பயிற்சி முடிந்தமையால் என் பணியிடம் ஒன்று.